தூங்குவதாக நடிக்கும் பிள்ளை

கணவன் அடித்தான் என்று தாய்வீட்டுக்கு வந்து நிற்கும் பெண்ணுக்கு நம் ஊரில் கிடைக்கும் யோசனைகளில் பாதி, பிள்ளையின் பெயரில்தான் வரும். “ரெண்டு பிள்ளை ஆயிப்போச்சு. அதுக மூஞ்சியப் பாத்துப் பொறுத்துப் போம்மா” என்பார் சமாதானம் பேச வந்த பெரியப்பா. மகளிர் காவல் நிலையத்தில் மனுவைப் படித்துவிட்டு நிமிரும் ஏட்டம்மாவும் ஏறக்குறைய அதையே சொல்வார். பெற்ற தாய் ஒன்றும் பேசாமல் பேரப்பிள்ளையின் தலையைத் தடவுவாள். அதற்கும் பொருள் அதுதான்.

இந்த யோசனைக்குள் இரண்டு நம்பிக்கைகள் உட்கார்ந்திருக்கின்றன. அடி விழுகிற வீடானாலும் அப்பா இருக்கும் வீடே பிள்ளைக்கு நல்லது என்பது ஒன்று. பிள்ளைக்கு விவரம் தெரியாது, சண்டை நடந்தபோது அது தூங்கிக்கொண்டிருந்தது என்பது இன்னொன்று. இரண்டையும் சோதித்துப் பார்க்கப் போதுமான ஆய்வுகள் கடந்த நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டுகளில் சேர்ந்துவிட்டன. அவற்றில் சில நாம் நினைப்பதைவிட மோசமான சேதியைச் சொல்கின்றன. வேறு சில, நாம் நினைப்பதைவிட நல்ல சேதியைச் சொல்கின்றன. இந்த இரண்டாவது வகை நம் காதில் விழுவது குறைவு.

முதலில் எத்தனை வீடுகள் என்பதைப் பார்த்துவிடலாம். 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரை உள்ள மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். இந்திய சராசரி 29. பெண்கல்வியிலும் பிரசவ மருத்துவத்திலும் நாட்டுக்கே வழிகாட்டுவதாகப் பெருமைப்படும் மாநிலம் இந்தப் பட்டியலில் எங்கே நிற்கிறது என்பதைப் பற்றி நாம் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை. அதே ஆய்வில் இன்னொரு எண் உண்டு. வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாடு முழுவதும் சேர்த்து 14 சதவீதம்தான். பெரும்பான்மையோர் வெளியே ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படியென்றால், பல வீடுகளில் இந்த விஷயம் தெரிந்த மூன்றாவது ஆள் பிள்ளை மட்டும்தான்.

அந்தப் பிள்ளையிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. குடும்பநல ஆய்வின் கேள்வித்தாள் பெண்ணிடம், “உங்கள் அப்பா உங்கள் அம்மாவை அடித்ததுண்டா?” என்று கேட்கிறது. அதாவது, இருபது வருடம் கழித்து, அந்தப் பிள்ளை மணமாகித் தானும் ஒரு வீட்டில் பெண்ணாக உட்கார்ந்திருக்கும்போதுதான் அது கணக்குக்குள் வருகிறது. உலக அளவில் யுனிசெஃப் 2006இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. ஆண்டுதோறும் வீட்டுக்குள் வன்முறையைக் காணும் பிள்ளைகள் 13.3 கோடியிலிருந்து 27.5 கோடிவரை இருக்கலாம் என்றது. கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவே இரண்டு மடங்கு இடைவெளி. கதவு சாத்திய வீடுகளை எண்ணுவது அவ்வளவு கடினம்.

காதில் விழுவது

தூங்கிக்கொண்டிருந்தது என்கிறோமே, அந்தத் தூக்கத்துக்குள்ளேயே போய்ப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆறு மாதம் முதல் பன்னிரண்டு மாதம்வரை உள்ள கைக்குழந்தைகளைத் தூங்கவைத்து, மூளையின் இயக்கத்தைக் காட்டும் ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்தார்கள். பொருளற்ற சொற்களை ஓர் ஆண் குரல் மகிழ்ச்சியாகவும், கோபமாகவும், உணர்ச்சியே இல்லாமலும் சொல்லும் ஒலிப்பதிவுகளைக் கேட்கவைத்தார்கள். பெற்றோருக்குள் சண்டை அதிகம் என்று தாய்மார் சொன்ன வீடுகளின் குழந்தைகளுக்கு, கோபக் குரல் கேட்டபோது பதற்றத்தோடும் அதைக் கட்டுப்படுத்துவதோடும் தொடர்புடைய மூளைப் பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்டன. 2013இல் வெளியான இந்த முடிவில் கவனிக்க வேண்டியது, அந்த வீடுகள் ரத்தம் வரும்வரை அடிக்கிற வீடுகள் அல்ல என்பதுதான். சாதாரணமாகக் கத்திச் சண்டை போடுகிற வீடுகள். கண் மூடியிருந்தது, காது மூடியிருக்கவில்லை.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு லண்டனில் ஈமன் மெக்ரோரியும் அவரது குழுவினரும் சற்றுப் பெரிய பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். குடும்ப வன்முறைக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கோபமான முகங்களின் படத்தைக் காட்டியபோது, ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலாவும், வலி வரப்போகிறது என்று எச்சரிக்கும் இன்சுலாவும் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக விழித்துக்கொண்டன. போர்க்களத்திலிருந்து திரும்பிய படைவீரர்களின் மூளையிலும் இதே மாதிரி பதிவாகியிருந்தது. செய்தித்தாள்கள் இந்த ஒப்பீட்டைப் பிடித்துக்கொண்டன. மெக்ரோரி சொன்ன மற்றொரு விஷயம் தலைப்பில் வரவில்லை: அந்தப் பிள்ளைகள் யாருக்கும் மனநோய் இல்லை. அந்த மூளை கெட்டுப்போகவில்லை, தன் வீட்டுக்கு ஏற்றபடி பழகியிருக்கிறது. அந்தப் பழக்கம் வீட்டில் அதற்கு உதவும், வகுப்பறையில் கணக்கைக் கவனிக்கவிடாது.

இந்தப் பழக்கத்தை ஸ்கேன் கருவி இல்லாமலேயே நமக்குத் தெரியும். அப்பாவின் பைக் தெருமுனையில் திரும்பும் சத்தத்திலேயே இன்றைக்கு எப்படி என்று கணித்துவிடும் பெண்பிள்ளை. கேட்டின் கொண்டியை அவர் எப்படித் தள்ளுகிறார் என்று கேட்டுவிட்டு, தம்பிக்கு அவசரமாகச் சோற்றை ஊட்டி முடிக்கிறவள். அருவாமனையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு, போர்வைக்குள் போய்க் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறவள். தூங்குவதாக நடிப்பதும் ஒரு வேலைதான். விழித்திருந்தால் சாட்சியாகிவிடுவோம், அப்பா நம்மையும் பார்ப்பார், அம்மாவுக்கு மானக்கேடாக இருக்கும் என்று மூன்றையும் சேர்த்து யோசித்து எடுத்த முடிவு அது. மறுநாள் அம்மா, “நல்லாத் தூங்குனியாடா கண்ணு?” என்று கேட்பாள். “ம்” என்று சொல்லும். ஒருவரை ஒருவர் காப்பாற்றச் சொல்லிக்கொள்ளும் பொய்.

ஆய்வுலகம் நெடுங்காலம் இந்தப் பிள்ளைகளை ‘சாட்சிகள்’ என்றே எழுதிவந்தது. சாட்சி என்றால் ஓரமாக நின்று பார்த்தவர். மேலே சொன்ன பெண்பிள்ளை ஓரமாக நிற்கவில்லை. அந்த வீட்டின் காவலாளி, சமாதானத் தூதர், தம்பியின் தாய் எல்லாம் அவள்தான். பத்து வயதில் இத்தனை உத்தியோகம் பார்க்கிறவளைத்தான் உறவுக்காரர்கள், “எவ்வளவு பொறுப்பான புள்ள!” என்று மெச்சுகிறார்கள்.

எவ்வளவு சேதம்?

இந்தத் துறை தொடங்கிய இடம் பெண்கள் புகலிடங்கள். 1971இல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் எரின் பிட்சி தொடங்கிய புகலிடத்துக்கு அடிபட்ட பெண்கள் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டே வந்தார்கள். அதைப் பார்த்து மற்ற நாடுகளிலும் புகலிடங்கள் பெருகின. ஆய்வாளர்கள் தாய்மாரைப் பார்க்கப்போன இடத்தில் பிள்ளைகளும் கண்ணில் பட்டார்கள். கனடாவில் பீட்டர் ஜாஃபி, டேவிட் வுல்ஃப், சூசன் வில்சன் மூவரும் 1990இல் எழுதிய நூல் அதுவரை சேர்ந்ததைத் தொகுத்தது. படுக்கையை நனைப்பது, காரணமில்லாத வயிற்றுவலி, பள்ளியில் அடிதடி, யாரோடும் ஒட்டாமை, நடந்ததெல்லாம் தன்னால்தான் என்ற குற்ற உணர்வு என்று பட்டியல் நீண்டது.

பட்டியல் உண்மைதான், ஆனால் அந்தக் கால ஆய்வுகளை இன்று படிக்கும்போது கொஞ்சம் எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. புகலிடத்துக்கு வருவது மிக மோசமான வீடுகளிலிருந்து தப்பியவர்கள். வந்து ஒரு வாரம்கூட ஆகாத பிள்ளை வீட்டையும் பள்ளியையும் தோழர்களையும் ஒரே இரவில் இழந்திருக்கும். அந்த நேரத்தில், மனம் நொந்து கிடக்கும் தாயிடம் “உங்கள் பிள்ளை எப்படி இருக்கிறான்?” என்று கேட்டு எழுதிய விடை, எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொருந்தாது.

இந்தக் குழப்பத்தை ஓரளவு தெளிவாக்கியது 2003இல் கேத்ரின் கிட்ஸ்மனும் உடன் ஆய்ந்தவர்களும் வெளியிட்ட தொகுப்பாய்வு. 118 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோட்டார்கள். வன்முறை வீட்டில் வளர்ந்த பிள்ளைகளில் 63 சதவீதம் பேர், அப்படி வளராத சராசரிப் பிள்ளையைவிடப் பின்தங்கியிருந்தார்கள். இந்த எண்ணை எல்லோரும் எடுத்தாள்கிறார்கள், பெரும்பாலும் தவறாக. பாதிப்பே இல்லாவிட்டாலும் சராசரிக்குக் கீழே 50 சதவீதம் பேர் இருப்பார்கள், சராசரி என்றால் அதுதானே. ஆக, வன்முறை சேர்த்த கூடுதல் சுமை அந்தப் பதின்மூன்று. சின்ன எண்ணில்லை; ஆனால் ‘அந்த வீட்டுப் பிள்ளை உருப்படாது’ என்று சொல்ல அதில் இடமில்லை. மீதி 37 சதவீதம் பேர் சராசரிக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தார்கள். அதே ஆய்வு சொன்ன இன்னொன்றுதான் நம் பெரியப்பாக்களுக்குச் சொல்லவேண்டியது. தாய் அடிபடுவதைக் கண்ட பிள்ளையின் நிலைமைக்கும், தானே அடிவாங்கிய பிள்ளையின் நிலைமைக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. “பிள்ளைய ஒரு நாளும் கை நீட்டியதில்ல” என்பது நற்சான்றாக எடுபடாது.

படிப்பின்மீது விழும் அடியை அளந்தது ஒரு பிரிட்டிஷ் ஆய்வு. ஐந்து வயது இரட்டைப் பிள்ளைகள் 1,116 ஜோடி. கடுமையான வன்முறை நடந்த வீட்டுப் பிள்ளைகளின் நுண்ணறிவு ஈவு, வன்முறையில்லாத வீட்டுப் பிள்ளைகளைவிடச் சராசரியாக 8 புள்ளி குறைவு என்று கேரஸ்டன் கோனன் குழுவினர் 2003இல் எழுதினார்கள். இரட்டையர்களை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ‘முரட்டு அப்பனுக்கு மந்தப் பிள்ளை, பரம்பரை’ என்று யாரும் தள்ளிவிட முடியாதபடி மரபின் பங்கைக் கணக்கிலிருந்து கழிக்க இரட்டையர் உதவுவார்கள். கழித்த பிறகும் வீட்டுச் சூழலின் பங்கு நின்றது.

உடல்நலப் பக்கத்தில் மிகப் புகழ்பெற்றது, வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் 1998இல் வெளியிட்ட ஆய்வு. கலிபோர்னியாவின் சான் டியாகோவில் உடல் எடை குறைக்கும் மருத்துவமனை நடத்திய ஃபெலிட்டிக்கு, நன்றாக இளைத்துவந்தவர்களே பாதியில் ஓடிப்போனது புதிராக இருந்தது. விசாரித்தபோது பலருடைய குழந்தைப்பருவத்தில் போய் நின்றது விஷயம். பிறகு ஆயிரக்கணக்கானோரிடம் சிறுவயதுத் துன்பங்களைப் பற்றிக் கேட்டார்கள். ‘தாய் வன்முறைக்கு ஆளானது’ அந்தத் துன்பங்களின் பட்டியலில் தனி வகையாகவே இருந்தது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களைக் கண்டவர்களுக்குக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்குவரை கூடியிருந்தது. இந்த ஆய்வு உலகெங்கும் பரவி, ‘உன் மதிப்பெண் என்ன?’ என்று பிள்ளைகளுக்குப் புள்ளி போடும் வழக்கம்வரை போயிற்று. தனி மனிதரின் எதிர்காலத்தைக் கணிக்க அந்தப் புள்ளி உதவாது என்று ஆண்டாவே 2020இல் எழுதவேண்டி வந்தது.

நம் பக்கத்து ஆய்வுகள் இன்னும் முன்னே, கருப்பைக்கே போகின்றன. உத்தரப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும் கிராமப்புறப் பெண்களிடம் திரட்டிய தகவல்களைக் கொண்டு ஷிரீன் ஜெஜீபாய் 1998இல் எழுதிய கட்டுரை, கணவனிடம் அடிவாங்கும் பெண்களிடையே கருச்சிதைவும் சிசு மரணமும் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. 2008இல் லேலண்ட் ஆக்கர்சனும் எஸ். வி. சுப்பிரமணியனும் தேசிய குடும்பநல ஆய்வின் தரவுகளிலிருந்து, அடிக்கடி அடிபடும் தாய்க்கும் அவள் பிள்ளைக்கும் ரத்தசோகையும் எடைக்குறைவும் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். வழி புரியாததல்ல. சண்டையன்று உலை வைப்பதில்லை. வைத்தாலும் தட்டு பறக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக யாரிடமோ கேட்டுத்தான் போகவேண்டும். அங்கன்வாடி எடைக் கருவியில் முள் ஏறாததற்குச் சத்துமாவு மட்டும் காரணமில்லை.

அப்பனைப் போல

இந்தப் பேச்சில் எல்லோருக்கும் பிடித்த கேள்வி: அடிக்கிற அப்பனின் மகன் அடிப்பானா? சென்னை, வேலூர், திருவனந்தபுரம் உட்பட ஏழு இடங்களில் சுமார் பத்தாயிரம் பெண்களிடம் நடந்த ஆய்வை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் எல். ஜெயசீலனும் உடன் ஆய்ந்தவர்களும் 2007இல் வெளியிட்டார்கள். மனைவி அடிபடுவதற்கான காரணிகளில் கணவனின் குடி, வரதட்சணைத் தொல்லை ஆகியவற்றோடு, சிறுவயதில் அப்பா அம்மாவை அடிப்பதைக் கண்டதும் இருந்தது. உத்தரப் பிரதேசத்து ஆண்களிடம் சாண்ட்ரா மார்ட்டின் குழு நடத்திய ஆய்வும் இதையே சொன்னது: அடிதடி வீட்டில் வளர்ந்த ஆண்கள், மனைவியைக் கட்டுப்படுத்துவது தங்கள் உரிமை என்று நம்புவதும் கைநீட்டுவதும் அதிகம்.

தொடர்பு உண்டு, எவ்வளவு என்பதுதான் கேள்வி. சாண்ட்ரா ஸ்டித் குழு 2000இல் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு, தொடர்பு பலவீனமானது முதல் நடுத்தரமானது வரைதான் என்றது. ஆண்பிள்ளை அடிப்பவனாவதற்கும் பெண்பிள்ளை அடிவாங்குபவளாவதற்கும் சாய்வு இருக்கிறது. விதி என்று சொல்லும் அளவுக்கு இல்லை. பார்த்தவர்களில் பெரும்பாலோர் கை ஓங்குவதில்லை. ‘அவங்கப்பன் அப்படி, பையனும் அப்படித்தான் இருப்பான்’ என்று பெண் கொடுக்கும் இடத்தில் விசாரிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அம்மாவை அடிப்பதைப் பார்த்துப் பார்த்து, என்ன ஆனாலும் என் கை நீளாது என்று முடிவெடுத்த பையன்கள் தங்கள் முடிவை யாரிடமும் சொல்வதில்லை, ஆகையால் அவர்களைப் பற்றிப் பழமொழி ஏதும் இல்லை.

பையன் கற்றுக்கொள்வது அடிப்பதை மட்டுமில்லை என்பதையும் சொல்லவேண்டும். அடித்துவிட்டு அடுத்த நாள் பரோட்டா வாங்கிவந்தால் போதும் என்று கற்கிறான். அழுதால் மன்னிப்பார்கள் என்று கற்கிறான். யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக்கூடாது என்பதைத்தான் முக்கியமாகக் கற்கிறான். அப்பா மேஸ்திரியிடம் கத்தியதில்லை. தெருவில் போலீஸைக் கண்டால் போதை இறங்கிவிடும். வாசற்படி தாண்டியதும் மறுபடி ஏறும்.

குடியைப் பற்றிச் சொல்லாமல் தமிழில் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. ஐந்தாவது குடும்பநல ஆய்வில், அடிக்கடி குடிபோதையில் இருக்கும் கணவனைக் கொண்ட பெண்களில் 70 சதவீதம் பேர் வன்முறையைக் கண்டிருந்தார்கள். குடிக்காத கணவன் என்றால் 23 சதவீதம். குடி பெரிய எரிபொருள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த 23ஐயும் பார்க்கவேண்டும். சொட்டுக் குடிக்காமல் அடிக்கிற வீடு நாலில் ஒன்றுக்குப் பக்கத்தில். ‘குடிய விட்டா சரியாயிடுவார்’ என்று காத்திருக்கும் வீடுகளில் பிள்ளைகளும் அந்தக் காத்திருப்பில் வளர்கிறார்கள்.

இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் கிளாடியா கட்டானி குழு நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையில் எனக்கு மறக்க முடியாத ஒன்று. போரும் ஆழிப்பேரலையும் அடுத்தடுத்து அடித்த மண் அது. பிள்ளைகளில் 82 சதவீதம் பேர் போர் நிகழ்வு ஒன்றையாவது நேரில் அனுபவித்திருந்தார்கள். வீட்டுக்குள் நடக்கும் வன்முறையில் ஏதேனும் ஒரு வகையைக் கண்டவர்கள் 95.6 சதவீதம். ஷெல்லடியைவிட வீடு பரவலாக அடித்திருக்கிறது. 30 சதவீதம் பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது. பிள்ளை எவ்வளவு அடிவாங்குகிறது என்பதோடு இரண்டு விஷயங்கள் சேர்ந்துவந்தன: தகப்பனின் குடி, பிள்ளை முன்பு கண்ட போர். வெளியே நடக்கும் வன்முறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதில்லை.

அடியே விழாத வீடு

இதுவரை பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் அடியை எண்ணின. எத்தனை அறை, எத்தனை உதை. 2007இல் எவன் ஸ்டார்க் எழுதிய நூல், அடியைவிட அடியைச் சுற்றியுள்ள ஆதிக்கத்தைப் பார்க்கச் சொன்னது. பணம், போன், சொந்தம், தூக்கம், உடை என்று ஒரு பெண்ணின் அன்றாடம் முழுவதையும் ஒருவர் கையில் வைத்திருப்பது. ஆய்வாளர் எம்மா கட்ஸ் இந்தப் பார்வையைப் பிள்ளைகளிடம் கொண்டுபோனார். அவர் பேசிய பிள்ளைகள், அடியைவிட அதிகமாகத் தாங்கள் இழந்த சாதாரண விஷயங்களைச் சொன்னார்கள். அம்மாவோடு விளையாட முடியவில்லை, பாட்டி வீட்டுக்குப் போக முடியவில்லை, தோழர்களை வீட்டுக்குக் கூப்பிட முடியவில்லை.

நம் வீடுகளில் இதற்கு உருவம் வேறு. மனைவியின் ஏடிஎம் அட்டை கணவனின் பர்ஸில் இருக்கும். அவள் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசவேண்டும். மாமியாரும் நாத்தனாரும் உள்ள வீட்டில் ஆதிக்கம் ஒருவரோடு நிற்பதில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே, “உங்கம்மா இன்னைக்கு யாரோட பேசுனா?” என்று அன்பாகக் கேட்கும் பாட்டி உண்டு. பதில் சொன்னால் ஒரு முறுக்கு. மாலையில் அதன் விளைவு அடுக்களையில் கேட்கும்போது, அந்த முறுக்கு பிள்ளையின் வயிற்றில் என்ன செய்யும் என்பதை அளக்கக் கருவி இல்லை. இப்படி உளவாளியாக்கப்பட்ட பிள்ளைதான் பிற்காலத்தில் தன்னை மன்னிக்கச் சிரமப்படுகிறது.

சட்டம் எங்கே பார்க்கிறது

2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெண்ணுக்கானது. பிள்ளை அதில் இங்கும் அங்குமாக வருகிறது. 18ஆம் பிரிவின் கீழ், பாதிக்கப்பட்டது பிள்ளையானால் அதன் பள்ளிக்குள் எதிர்மனுதாரர் நுழையத் தடை விதிக்கலாம். 21ஆம் பிரிவின் கீழ் பிள்ளையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கலாம், தகப்பன் வந்து பார்ப்பது பிள்ளைக்குக் கேடு என்றால் அதையும் மறுக்கலாம். இந்தப் பிரிவுகள் இருப்பது பாதுகாப்பு அலுவலரைத் தேடிப் போகிற பல பெண்களுக்கே தெரியாது. வீட்டில் நடப்பதைக் காண்பதும் கேட்பதுமே பிள்ளைக்கு இழைக்கப்படும் வன்முறை என்று சட்டம் தனியாகச் சொல்லவில்லை.

இன்னொரு பக்கம், சட்டத்துக்குப் பிள்ளை சாட்சியாகத் தேவைப்படுகிறது. கூண்டில் ஏறிச் சொல்லக்கூடிய ஒரே ஆள் சில வழக்குகளில் பிள்ளைதான். தாயைத் தகப்பன் கொன்றதைக் கண்ட ஏழு வயது மகளின் சாட்சியத்தை நம்பி, கீழே கிடைத்த விடுதலையை ரத்து செய்து 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. நடந்தது 2003இல். தீர்ப்பு வந்தபோது அந்த மகளுக்கு முப்பதுக்குப் பக்கத்தில் வயது. நீதி கிடைத்தது, சரி. நடுவில் போன இருபத்திரண்டு ஆண்டுகளில் அவளைச் சாட்சி என்பதற்கு அப்பால் நீதியமைப்பு வேறு எந்தப் பெயரால் அழைத்தது?

இங்கிலாந்து 2021இல் இந்தப் பெயரை மாற்றியது. வீட்டு வன்முறையைக் காணும், கேட்கும், அதன் விளைவுகளை அனுபவிக்கும் பிள்ளையும் தன்னளவில் பாதிக்கப்பட்டவரே என்று அந்நாட்டு வீட்டு வன்முறைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. நாமும் அப்படியே எழுதிவிடலாமே என்று தோன்றும். அதற்கு முன் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் நடந்ததைப் படிக்கவேண்டும். 1999இல் அங்கே, பிள்ளை வீட்டு வன்முறையைக் காண நேர்வதே ‘புறக்கணிப்பு’ என்று சட்டத்தைத் திருத்தினார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். புகார்கள் வெள்ளமாக வந்து குழந்தைப் பாதுகாப்புத் துறையே மூச்சுத் திணறியது. அடிவாங்கிய தாய், பிள்ளையைக் காக்கத் தவறியவளாக விசாரிக்கப்படும் நிலை வந்தது. மறு ஆண்டே திருத்தத்தைத் திரும்பப் பெற்றார்கள். நியூயார்க்கில் இன்னும் ஒரு படி மேலே போய், அடிபட்ட தாய்மாரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து வேறு வீடுகளில் வைத்தார்கள். நிக்கல்சன் வழக்கு என்று அறியப்படும் வழக்கில், பிள்ளை வன்முறையைக் காண நேர்ந்தது என்பதை மட்டும் வைத்துத் தாய் கடமை தவறினாள் என்று சொல்ல முடியாது என 2004இல் அம்மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாயை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் காப்பாற்றப் போன இடத்திலெல்லாம் பிள்ளை இரண்டாவது முறை அடிபட்டிருக்கிறது.

பிரிந்த பிறகு

பொறுத்துப் போவது பிள்ளைக்கு நல்லதில்லை என்று இதுவரை சொன்னது போதும். பிரிந்து வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னால் அதுவும் பொய். ஆதிக்கம் செலுத்தியவர், பிடி நழுவும்போதுதான் கூடுதல் ஆபத்தானவராகிறார். பிள்ளையைப் பார்க்கும் உரிமை, அம்மாவின் புது முகவரியை அறியும் வழியாகிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை, புது சைக்கிளோடு, “அம்மாவ வரச்சொல்லு” என்ற செய்தியையும் கொண்டுவருகிறது. பாதி வருடத்தில் ஊர் மாறினால் பள்ளி மாற்றுச் சான்றிதழுக்கு அலையவேண்டும். தாய்வீட்டில் அண்ணியின் முகம் மூன்றாவது மாதம் மாறும். பெரியப்பா மறுபடி பேச வருவார்.

அப்படியானால் எது பிள்ளையைத் தாங்குகிறது? ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, பெற்றோர் சண்டை, குடி, மனநோய் எனப் பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் நல்லபடியாக, தன்னம்பிக்கையோடு தலையெடுத்தார்கள். அவர்களுக்கெல்லாம் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, நிலையாக அன்பு காட்டிய ஓர் ஆளாவது அருகில் இருந்தது. தாயாகவே இருக்கவேண்டியதில்லை. பாட்டி, சித்தி, ஒரு டீச்சர் போதும்.

தாயாக இருக்க முடிந்தால் இன்னும் நல்லது என்பதைக் காட்டியது சான் ஃபிரான்சிஸ்கோவில் அலிசியா லீபர்மன் உருவாக்கிய சிகிச்சை. மூன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள, தாய் அடிபட்டதைக் கண்ட பிள்ளைகளையும் தாயையும் சேர்த்தே உட்காரவைத்தார்கள். வாரம் ஒரு முறை, ஏறத்தாழ ஓராண்டு. பெரும்பாலும் பொம்மைகளோடு விளையாட்டு. விளையாட்டில் அப்பா பொம்மை அம்மா பொம்மையைத் தள்ளும்போது தாய் பேச்சை மாற்றாமல், ஆமாம், அப்படித்தான் நடந்தது, நீ பயந்துபோனாய், அது உன் தப்பில்லை என்று சொல்லப் பழக்கினார்கள். 75 ஜோடிகளைக் கொண்டு நடத்தி 2005இல் வெளியிட்ட சோதனையில், வழக்கமான உதவி பெற்றவர்களைவிட இந்தப் பிள்ளைகளின் பயமும் முரட்டுத்தனமும் குறைந்தன. தாய்மாரின் அதிர்ச்சி அறிகுறிகளும் குறைந்தன. ‘நல்லாத் தூங்குனியாடா?’ என்ற பொய்யை இருவருமாகக் கீழே இறக்கிவைக்கும் வேலை அது. நம் மாவட்ட மருத்துவமனைகளில் இதற்கு ஓராண்டு ஒதுக்க ஆள் இல்லை என்பார்கள். அடிபட்ட பெண்களுக்கான சேவை மையத்துக்கு வரும் தாயிடம், பிள்ளை எந்த வகுப்பு, எங்கே தூங்குகிறது, என்ன பார்த்தது என்று மூன்று கேள்வி கேட்க ஓராண்டு தேவையில்லை.

பெண்கள் உதவி எண் 181க்கும் குழந்தைகள் உதவி எண் 1098க்கும் போன் செய்யச் சொல்கிறோம். செய்தபின் என்ன நடக்கிறது என்பதில் ஒரு சின்ன விதி இருக்கிறது. பெண்கள் தங்கும் அரசு இல்லங்களில் பெண்பிள்ளையைத் தாயோடு அனுமதிப்பார்கள். ஆண்பிள்ளை என்றால் ஒரு குறிப்பிட்ட வயதுவரைதான். மற்றப் பெண்களின் பாதுகாப்புக் கருதி வைத்த விதி, அதில் நியாயமும் உண்டு. இதன்படி, இரவு பதினொரு மணிக்கு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் குறுக்கே போய் நின்று, ஓங்கிய கையைப் பிடித்து, அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்த பதினான்கு வயதுப் பையனுக்கு அந்த வாசலில் இடமில்லை. தங்கை உள்ளே போகிறாள். அவனைத் தனி விடுதிக்கு அனுப்பக் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு வேண்டும். அது விடிந்தபிறகுதான். அதுவரைக்கும் போக அவனுக்குத் தெரிந்த வீடு ஒன்றுதான் இருக்கிறது.